அழுத்தாமல் தேய்க்கும் மெஷின்

மூன்று மாதத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு பெட்டி வந்தது. மிக்ஸி என்று நினைத்து என் மனைவிதான் பிரித்தாள். உள்ளே நீளமான கைப்பிடியும், முன்னால் ஒரு வட்டத் தட்டுமாக ஒரு மெஷின்.

"இது எதுக்குங்க?"

"காருக்குப் பாலிஷ் போட."

"இந்த வயசுலயா?" என்று கேட்டுவிட்டு, காலிப் பெட்டியை மடித்துப் பரணில் வைத்தாள். எப்படியும் திருப்பி அனுப்பத்தான் போகிறேன் என்று நினைத்திருப்பாள்.

எங்களுடையது அடர்நீல சான்ட்ரோ. 2009-இல், நான் ஓய்வு பெறுவதற்கு இரண்டு வருஷம் முன்னால் வாங்கியது. 15 ஆண்டுகள் ஆனதும் 2024-இல் பதிவைப் புதுப்பித்தோம். இன்னும் 5 ஆண்டு ஓட்டலாம். புதுப்பிக்கப் போகும் முன் வண்டி பார்வையாக இருக்கட்டுமே என்று ஒரு பட்டறையில் பாலிஷுக்கு விட்டேன். அங்கே ஒரு பையன் சுழலும் பஃபிங் மெஷினை வைத்து ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டான். நிழலில் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. மறுநாள் காலையில் கடற்கரைச் சாலைக்கு ஓட்டிப் போனேன். வெயில் பட்டதும் பானெட் முழுக்க வட்ட வட்டமாகக் கோடுகள், ஈரத் துடைப்பத்தால் பெருக்கிய சிமெண்டுத் தரை போல. பானெட்டின் ஓரத்தில் ஒரு விரல் அகலத்துக்குப் பெயிண்டே இல்லை. கீழே இருந்த சாம்பல் நிற பிரைமர் தெரிந்தது. போய்க் கேட்டதற்கு, "பழைய வண்டி சார், மொத்தமா பெயிண்ட் அடிச்சிடலாம்" என்றார்கள்.

அன்று வந்த கோபத்தில்தான் இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததை இங்கே எழுதி வைக்கிறேன். பழைய வண்டியை விற்க மனமில்லாதவர்கள் நம்மில் பலர் உண்டு, அவர்களுக்கு உதவும்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, பாலிஷ் போட்டால் கீறல் நிரம்புவதில்லை என்பது. மெழுகு போட்டால் சிறிது நாள் மறையும், அவ்வளவுதான். கீறலை உண்மையாகப் போக்க வேண்டுமென்றால் அதைச் சுற்றியுள்ள பெயிண்டைக் கீறலின் அடிமட்டம் வரை தேய்த்து எடுக்க வேண்டும். இக்காலத்துக் கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்று நிறமில்லாத ஒரு பூச்சு இருக்கிறது. அதன் தடிமன் ஏறத்தாழ 40 முதல் 50 மைக்ரான். நாம் அலுவலகத்தில் டைப் அடித்த வெள்ளைத் தாள் ஏறத்தாழ 100 மைக்ரான். ஆக, நம் கையில் இருப்பது அரைத் தாள். அதற்குள்தான் எல்லாத் தேய்ப்பும்.

எழுத்தராக இருந்தவனுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. பதிவேட்டில் தப்பாக விழுந்த எழுத்தைப் பிளேடால் சுரண்டியவர்களுக்குத் தெரியும். முதல் தடவை சுரண்டினால் தாள் தாங்கும். இரண்டாம் தடவை பஞ்சு பஞ்சாக எழும். மூன்றாம் தடவை அடுத்த பக்கத்து எழுத்து தெரியும். என் பானெட் ஓரத்தில் நடந்ததும் அதுதான்.

இனி மெஷின் விஷயம். பட்டறைப் பையனிடம் இருந்தது ரோட்டரி. தட்டு ஒரே அச்சில், ஒரே திசையில் சுழலும். நன்றாக வெட்டும், சீக்கிரம் வேலை முடியும். ஆனால் ஒரே இடத்தில் கொஞ்சம் நின்றாலும் சூடு ஏறிப் பெயிண்டை எடுத்துவிடும். கை தேர்ந்தவர்கள் அதிலேயே அற்புதமாகச் செய்கிறார்கள். நம்மைப் போன்றவர்களுக்கு அது வேண்டாம்.

இன்னொன்று டூயல் ஆக்‌ஷன், அதாவது இரட்டை இயக்கம். ஆட்டுக்கல்லை நினைத்துக்கொள்ளுங்கள். குழவி தானும் உருளும், குழியையும் சுற்றி வரும். இந்த மெஷினில் பேட் அப்படித்தான் தானும் சுழன்றுகொண்டு ஒரு சிறிய வட்டத்திலும் சுற்றும். ஒரே தடத்தில் திரும்பத் திரும்பத் தேய்க்காததால் சூடு குறைவு, வட்டக் கோடு விழுவதும் குறைவு.

இதிலும் இரண்டு வகை. ஒன்றில் பல்சக்கரம் வைத்துச் சுழற்சியைக் கட்டாயமாக்கியிருப்பார்கள். நாம் அழுத்தினாலும் பேட் நிற்காது. வேலை வேகமாக நடக்கும், ஆபத்தும் அந்த அளவுக்குக் கூடும். மற்றதில் பேட் சுதந்திரமாகச் சுழலும். அழுத்தம் அதிகமானாலோ, பேட் சாய்ந்தாலோ சுழற்சி நின்று வெறுமனே அதிரும். பெயிண்ட் தப்பித்துக்கொள்ளும். கடைக்காரர் இதை ஒரு குறையாகச் சொன்னார். "பவர் பத்தாது சார்" என்று ரோட்டரியையே எடுத்து எடுத்துக் காட்டினார். தப்பு செய்தால் தானே நின்றுவிடுகிற மெஷின்தான் எனக்கு வேண்டும் என்றேன். அவர் சிரித்தார்.

அடுத்தது அந்தச் சிறிய வட்டத்தின் அளவு. இதை 'த்ரோ' என்கிறார்கள். 8, 15, 21 மில்லிமீட்டரில் கிடைக்கிறது. பாரிஸ் பக்கத்தில் இருக்கும் என் மாப்பிள்ளை கார் விஷயத்தில் ஆர்வமுள்ளவர். "மாமா, 21 வாங்குங்க, பாதி நேரத்துல முடிஞ்சிடும்" என்றார். அவருடைய வண்டி நீளமானது, அகலமான தட்டைப் பரப்பு. சான்ட்ரோ குட்டையான, வளைவுகள் நிறைந்த வண்டி. த்ரோ பெரிதாக இருந்தால் வளைவில் பேட் அடிக்கடி நின்றுபோகும். 8 என்றால் அதிர்வு குறைவு, ஆனால் வேலை மெதுவாக நகரும். நான் 15-ஐ எடுத்துக்கொண்டேன். தட்டு 5 அங்குலம். கதவுக் கைப்பிடியைச் சுற்றியும் பம்பரிலும் 6 அங்குலம் சிரமப்படும்.

எடையையும் பாருங்கள். கடையில் தூக்கிப் பார்க்கும்போது இரண்டரைக் கிலோ ஒன்றுமில்லை என்று தோன்றும். கதவின் பக்கவாட்டில் அரை மணி நேரம் பிடித்தால் தோள்பட்டை வேறு கணக்குச் சொல்லும். என்னுடையது 900 வாட், வீட்டிலுள்ள சாதாரண 5 ஆம்பியர் பிளக்கே போதும். ஆனால் எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்கட்டும். வேகத்தைக் குறைத்துக் கூட்ட 1 முதல் 6 வரை ஒரு திருகு இருக்க வேண்டும். பேட்களில் கம்பளி கடுமையானது, நுரை மென்மையானது. மென்மையான நுரையிலும் லேசான பாலிஷிலும் தொடங்கி, போதாவிட்டால் மட்டும் கடுமைக்குப் போக வேண்டும்.

மெஷினோடு வந்த கையேட்டில் ஐந்தாறு மொழிகள். பழக்க தோஷம், நான் பிரெஞ்சுப் பக்கத்தைத்தான் புரட்டினேன். அதில் ஓர் எச்சரிக்கை: ‘ந பா அப்புயே’. அழுத்தாதே. படித்ததும் எனக்கு ஏழெட்டு வயசு ஆகிவிட்டது. பள்ளியில் மைக்கூட்டில் தொட்டு எழுதும் பேனா. அழுத்தினால் முள் இரண்டாகப் பிரிந்து காகிதத்தில் மை தெறிக்கும். எங்கள் ‘மேத்ர்’, அதாவது வாத்தியார், பின்னால் நடந்துகொண்டே "ஸான் அப்புயே, ஸான் அப்புயே" என்பார். அழுத்தாமல், அழுத்தாமல். அழுத்தி எழுதினால் எழுத்து அழகாக வரும் என்று நினைத்த பையன் நான். அந்தப் புத்தி எழுத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை.

இதுவரை சொல்லாத ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு முக்கியமாக இருந்தது பானெட் அல்ல. இடது பக்கப் பின்கதவில் ஒரு சாண் நீளத்துக்கு ஒரு கீறல் இருக்கிறது. கார் வாங்கிய முதல் மாதத்திலேயே விழுந்தது. என் மனைவி அப்போதுதான், 54 வயதில், ஆசைப்பட்டு ஓட்டக் கற்று உரிமமும் வாங்கியிருந்தாள். ஒரு நாள் பின்னால் எடுக்கும்போது கேட்டின் தாழ்ப்பாள் கதவை இழுத்துவிட்டது. நான் தெருவில் நான்கு பேர் கேட்கும்படி கத்தினேன். என்ன சொன்னேன் என்பதை எழுத எனக்கு இப்போது கை வரவில்லை. அவள் பதில் பேசவில்லை. இறங்கி வந்து சாவியை ஆணியில் மாட்டினாள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொடவே இல்லை. உரிமமும் காலாவதியாகிவிட்டது. ஜிப்மருக்குப் போனாலும் உறவுக்காரர் வீட்டுக்குப் போனாலும் பக்கத்து இருக்கையில்தான் உட்காருவாள். ஒவ்வொரு முறை அந்தப் பின்கதவைத் திறக்கும்போதும் நான் அந்தக் கோட்டைப் பார்க்கிறேன். அவளும் பார்ப்பாள்.

மெஷின் வந்த பின் முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டியைக் கழுவி, கிளே பார் என்கிற களிமண் கட்டியால் ஒட்டியிருந்த அழுக்கை எடுத்தேன். ரப்பர் விளிம்புகளுக்கு டேப் ஒட்டினேன். மெஷினின் தட்டு ஓரத்தில் மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். கோடு சுற்றுவது தெரிந்தால் பேட் சுழல்கிறது, கோடு நின்றால் நான் அழுத்துகிறேன் என்று அர்த்தம். இது படித்ததிலேயே எனக்கு மிகவும் பயன்பட்ட உபாயம். பானெட்டில் இரண்டடிக்கு இரண்டடி இடத்தில் மட்டும் சோதித்துப் பார்த்தேன். முதல் பத்து நிமிஷம் கோடு நின்று நின்றுதான் போனது. பிறகு மெஷினின் எடையை மட்டும் விட்டுவிட்டு, கையைத் தளர்த்தி, மெல்ல நகர்த்தினேன். நாலைந்து முறை குறுக்கும் நெடுக்குமாக. துடைத்ததும் வட்டக் கோடுகள் பெரும்பாலும் போயிருந்தன. நீலம் நீலமாகத் தெரிந்தது. பெயிண்ட் போன ஓரத்தை மெஷினால் ஒன்றும் செய்ய முடியாது. அதற்குத் தூரிகையால் தொட்டு வைத்தேன்.

ஒரு நாளைக்கு ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டதில், பின்கதவுக்கு வர மூன்று வாரம் ஆயிற்று. கீறலின் மேல் நகத்தை ஓட்டிப் பார்த்தேன். நகம் மாட்டியது. நகம் மாட்டினால் கீறல் மிகவும் ஆழம், பாலிஷால் போக்க முயன்றால் கிளியர் கோட்டே போய்விடும் என்பது பொதுவான விதி. அதற்காகத்தான் மெஷின் வாங்கினேன், அதுதான் முடியாது. மெஷினைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன்.

வயரைப் பிடித்துக்கொண்டிருந்த என் மனைவி, "அத விடுங்க, இருந்துட்டுப் போகட்டும்" என்றாள்.

"அன்னிக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது" என்றேன். 15 வருஷம் கழித்து.

"ஆமா" என்றாள்.

கீறலின் இரண்டு ஓரங்களை மட்டும் லேசாகத் தேய்த்தேன். கூர்மை போய்க் கோடு மங்கலாயிற்று. கிட்டே போனால் தெரியும்.

அதற்குள் வெயில் முற்றத்துக்கு வந்துவிட்டது. தகடு சூடானால் பாலிஷ் காய்ந்து ஒட்டிக்கொள்ளும், குளிர்ந்த தகட்டில்தான் செய்ய வேண்டும். வண்டியைப் பின்னால் போர்டிகோ நிழலுக்குத் தள்ள வேண்டும். என் இரண்டு கையிலும் பாலிஷ். "கொஞ்சம் சாவி எடுத்துட்டு வர்றியா?" என்று கேட்டேன்.

உள்ளே போய்ச் சாவியை எடுத்து வந்தாள். என்னிடம் கொடுப்பாள் என்று கையைத் துடைத்துக்கொண்டு நின்றேன். அவள் கதவைத் திறந்து, இருக்கையை முன்னால் இழுத்து உட்கார்ந்தாள். நான் "பார்த்து" என்று சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் நின்றேன். ஏழெட்டு அடி தூரம்தான். ஒரு தடவை எஞ்சின் அணைந்தது. மறுபடி போட்டு, மெல்லப் பின்னால் எடுத்து, தூணுக்கு ஒரு முழம் இடம் விட்டு நிறுத்தினாள்.

"கிளட்ச் ரொம்ப இறுக்கமா இருக்குங்க. மெக்கானிக்கிட்ட காட்டுங்க" என்றாள்.

காட்ட வேண்டும்.