மோதிரத்தைக் கழற்றச் சொல்லும் 48 வோல்ட்! - இன்டர்நெட்டைத் தாங்கும் இரும்பு ரேக்குகளின் கதை

நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருக்கும் இந்த நிமிடத்தில், உங்கள் போனிலிருந்து கிளம்பிய சிக்னல் ஏதோ ஓர் ஊரில், ஏதோ ஓர் ஏ.சி அறையில் நிற்கும் இரும்பு ரேக்கைத் தொட்டுவிட்டுத்தான் திரும்பி வந்துகொண்டிருக்கிறது. ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் அந்த ரேக்கில் அடுக்கடுக்காகப் பெட்டிகள், சிமிட்டிக்கொண்டே இருக்கும் பச்சை விளக்குகள், பின்பக்கம் தலைமுடிபோல இறங்கும் கேபிள்கள்.

பெரும்பாலானோர் அந்த அறையைப் பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால், தெருவுக்கு ஒரு வீட்டிலாவது அந்த அறைக்குள் வேலை பார்க்கும் பையன் இருப்பான். டிப்ளமோ இ.சி.இ-யோ ஐ.டி.ஐ எலெக்ட்ரீஷியனோ முடித்தவன். `எங்க போயிருக்கான்?' என்று கேட்டால், `டெலிகாம்ல இருக்கான், நைட்டு சைட்டு' என்று அம்மா சொல்வார். அந்த `நைட்டு சைட்டு'க்குள் என்ன நடக்கிறது என்பது அந்த அம்மாவுக்கே முழுதாகத் தெரியாது.

`வெறும் 48 வோல்ட்தானே அண்ணே?'

புதுப் பையன் ஒருவன் முதல்முறை சைட்டுக்குப் போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். நல்ல சீனியர் வாய்த்திருந்தால், முதல் பேச்சு மெஷினைப் பற்றியதாக இருக்காது.

``தம்பி, கையில என்ன போட்டிருக்க? மோதிரம், காப்பு, வாட்ச்... எல்லாத்தையும் கழட்டி பையில வை.''

``அண்ணே, இது கோயில்ல வேண்டிக்கிட்டுப் போட்ட காப்பு. இங்க வெறும் 48 வோல்ட்தானே? ஷாக்கே அடிக்காதே!''

பையன் சொல்வதில் பாதி உண்மை. வீட்டுக்கு வரும் கரன்ட் 230 வோல்ட் ஏ.சி. டெலிகாம் கருவிகளில் பெரும்பாலானவை 48 வோல்ட் டி.சி-யில் ஓடுகின்றன. காய்ந்த கையால் தொட்டால், 60 வோல்ட்டுக்குக் கீழே இருக்கும் டி.சி பொதுவாக ஆளைத் தூக்கி அடிக்காது. பாதுகாப்பு விதிகளும் அதை வைத்தே கோடு போட்டிருக்கின்றன.

ஆனால், தோலுக்குப் பொருந்தும் கணக்கு உலோகத்துக்குப் பொருந்தாது. அந்த 48 வோல்ட்டுக்குப் பின்னால் நிற்பது பேட்டரி வரிசை. 2 வோல்ட் செல்கள் 24 சேர்ந்தால் 48. சார்ஜில் இருக்கும்போது அது 54 வோல்ட் வரை போகும். இந்த பேட்டரியின் இரண்டு முனைகளுக்கு நடுவே ஓர் இரும்பு ஸ்பேனர் குறுக்கே விழுந்தால், ஒரு நொடியில் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். தீப்பொறி தெறிக்கும், ஸ்பேனர் உருகி ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் மோதிரம் மாட்டிக்கொண்டால், கையை உதறுவதற்குள் அது பழுக்கக் காய்ந்துவிடும். கழற்ற முடியாது. விரல் எலும்பு வரை வேகும்.

இதில் இன்னொரு சங்கதியும் உண்டு. டெலிகாமில் பேட்டரியின் பாசிட்டிவ் முனையைத்தான் எர்த்தோடு இணைக்கிறார்கள். அதனால்தான் இதை `மைனஸ் 48' என்று சொல்கிறார்கள். பழைய டெலிபோன் காலத்தில் மண்ணுக்குள் போன செம்பு ஒயர்கள் ஈரத்தில் அரித்துப்போகாமல் இருக்கக் கண்டுபிடித்த வழி அது. இன்றும் தொடர்கிறது. இதன் விளைவு என்னவென்றால், எர்த் செய்யப்பட்ட ரேக்கின் இரும்புச் சட்டம் முழுக்கவே பேட்டரியின் ஒரு முனைதான். இன்னொரு முனையை ஸ்பேனரால் முடுக்கிக்கொண்டிருக்கும் பையனின் காப்பு ரேக்கில் உரசினால் போதும், ஷார்ட்.

அதனால்தான் அந்த சீனியர் வேண்டுதல் காப்பு என்றாலும் கேட்பதில்லை. ``சாமி கோச்சுக்காது, கழட்டு'' என்கிறார். கைப்பிடி வரை இன்சுலேஷன் போட்ட ஸ்பேனரை எடுத்துக் கையில் கொடுக்கிறார்.

ஒயர் ஏன் கட்டைவிரல் தடிமன்?

2,300 வாட் எடுக்கும் கருவி 230 வோல்ட்டில் ஓடினால் 10 ஆம்பியர் இழுக்கும். அதே கருவி 48 வோல்ட்டில் ஓடினால் ஏறக்குறைய 48 ஆம்பியர். கரன்ட் கிட்டத்தட்ட 5 மடங்கு. ஒயரில் உண்டாகும் சூடு கரன்ட்டின் வர்க்கத்தில் ஏறும் என்பதால், ஒரே தடிமன் ஒயரில் சூடு 20 மடங்கைத் தாண்டிவிடும். டெலிகாம் பவர் கேபிள் தடியாக இருப்பதன் காரணம் இதுதான்.

கேபிளைவிட ஆபத்தான இடம், அது முடியும் இடம். கேபிள் நுனியில் மாட்டும் `லக்'கைச் சரியான அச்சில் வைத்து அழுத்தி, குறிப்பிட்ட அளவு முறுக்கு விசையில் போல்ட்டை முடுக்க வேண்டும். லூஸாக விட்டால் அந்த ஓர் இடம் மட்டும் மெதுவாகச் சூடேறும். முதல் நாள் எதுவும் தெரியாது. ஏ.சி நின்றுபோன ஒரு மதியத்தில் கருகல் வாசனை வரும்போதுதான் தெரியும். முடுக்கிய போல்ட்டின் மேல் மார்க்கரால் ஒரு கோடு போட்டு வைப்பது நல்ல கைகளின் பழக்கம். கோடு விலகியிருந்தால், போல்ட் தளர்ந்திருக்கிறது என்று அடுத்து வருபவர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடலாம்.

அன்னையர் தினத்தில் எரிந்த எக்ஸ்சேஞ்ச்

ஒரு கேபிளின் உறை கிழிவதால் என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்களுக்கு, அமெரிக்காவின் ஹின்ஸ்டேல் பதில் வைத்திருக்கிறது. சிகாகோவுக்குப் பக்கத்திலிருக்கும் சிறிய ஊர் அது. 1988 மே 8, ஞாயிற்றுக்கிழமை. அங்கே அன்று அன்னையர் தினம். ஊரெல்லாம் அம்மாவுக்கு போன் செய்துகொண்டிருந்த நாள்.

அன்று மாலை, ஆளில்லாமல் இயங்கிக்கொண்டிருந்த இல்லினாய்ஸ் பெல் நிறுவனத்தின் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் தீப்பிடித்தது. எச்சரிக்கை மணி சுமார் 300 கி.மீ தள்ளி, ஸ்பிரிங்ஃபீல்டில் இருந்த கண்காணிப்பு அறையில் ஒலித்தது. ஆனால், ஹின்ஸ்டேல் தீயணைப்பு நிலையத்துக்குத் தகவல் போய்ச் சேர நெடுநேரம் ஆனது. காரணம் எளிமையானது. போன் செய்யலாம் என்றால், எரிந்துகொண்டிருந்ததே போன் எக்ஸ்சேஞ்ச்தான்.

வந்த தீயணைப்பு வீரர்களுக்கும் சோதனை காத்திருந்தது. பேட்டரியிலிருந்து வரும் மின்சாரத்தைத் துண்டிப்பது லேசான காரியமாக இல்லை. வெளியிலிருந்து வரும் கரன்ட்டை நிறுத்தலாம். உள்ளே சார்ஜ் ஏறி நிற்கும் பேட்டரி யார் சொன்னாலும் கேட்காது.

சுமார் 35,000 வீடுகள், கடைகளின் போன்கள் ஊமையாயின. அந்த எக்ஸ்சேஞ்ச் வழியாகப் போன வெளியூர் லைன்களும் அறுந்தன. சிகாகோ விமான நிலையங்களின் தகவல் தொடர்புகூட பாதிக்கப்பட்டது. சேவை பழைய நிலைக்குத் திரும்ப வாரக்கணக்கில் ஆனது.

விசாரணையில் காரணமாகச் சுட்டப்பட்டது, உறை சேதமடைந்த ஒரு டி.சி பவர் கேபிள், உலோகக் கவசம் கொண்ட இன்னொரு கேபிளில் பட்டுக்கொண்டிருந்தது என்பதுதான். இப்படிப்பட்ட உரசலில் கரன்ட் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கசியும். ஃப்யூஸுக்கு அது சாதாரண லோடு மாதிரியே தெரியலாம். ஃப்யூஸ் போகாது, சூடு மட்டும் ஏறிக்கொண்டே இருக்கும்.

கேபிள் இழுக்கும்போது, `கூர்மையான விளிம்பில் உரசாமல் ரப்பர் வளையம் போடு, பவர் கேபிளையும் டேட்டா கேபிளையும் ஒரே கட்டாகக் கட்டாதே, பழைய கேபிளை இழுத்துப் பிடுங்காதே' என்று சீனியர்கள் சலிக்காமல் சொல்வது சும்மா இல்லை.

எதற்கும் ஒரு வரிசை உண்டு

ரேக் பொருத்துவதில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. எது முன்னால், எது பின்னால் என்ற வரிசைதான் எல்லாமே.

முதலில் ரேக்கைத் தரையில் ஆங்கர் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் பெட்டிகள் ஏற வேண்டும். ரேக்கில் உயரத்தை `யூ' என்ற அளவால் சொல்வார்கள். ஒரு `யூ' என்பது 1.75 அங்குலம். கனமான பெட்டி கீழே, லேசானது மேலே. கனத்தை மேலே ஏற்றிவிட்டு, ரேக்கையும் போல்ட் போடாமல் விட்டால், ஒரு பெட்டியை முன்னால் இழுக்கும்போது மொத்த ரேக்கும் ஆள் மேல் சாயும். பெரிய ரவுட்டரைத் தூக்க இரண்டு பேராவது வேண்டும். பவர் சப்ளை, ஃபேன் ஆகியவற்றைக் கழற்றிவிட்டால் பாரம் குறையும். அவற்றில் இருக்கும் கைப்பிடிகள் அந்தந்தப் பாகத்தை இழுக்க மட்டுமே. அதைப் பிடித்து முழுப் பெட்டியையும் தூக்கினால், கைப்பிடி கையோடு வரும். பெட்டி காலில் விழும்.

பெட்டி ஏறியதும் முதல் இணைப்பு எர்த். கழற்றும்போது கடைசியாகக் கழற்றுவதும் எர்த். பவர் எதுவும் வருவதற்கு முன்பே, கசிவு ஏற்பட்டால் அது போக ஒரு வழி தயாராக இருக்க வேண்டும்.

அடுத்து பவர். நல்ல சைட்டில் ஒரு கருவிக்கு `ஏ', `பி' என்று இரண்டு தனித்தனி ஃபீடு வரும். ஒன்று போனாலும் மற்றொன்று தாங்கும். இதில் இரண்டு இடத்தில் ஆட்கள் ஏமாறுகிறார்கள். ஒன்று, `ஏ' பிரேக்கரை இறக்கிவிட்டு கருவி செத்துவிட்டது என்று நம்பிக் கை வைப்பது. `பி' உயிரோடுதான் இருக்கும். இரண்டு, இரண்டு ஃபீடிலும் 70 சதவிகிதம் லோடு ஏற்றி வைப்பது. ஒன்று போனால் மற்றொன்றின் தலையில் 140 சதவிகிதம் விழும். அதுவும் டிரிப் ஆகும். எந்த ஃபீடும் தனியாக முழு லோடையும் சுமக்க முடிய வேண்டும். அப்போதுதான் இரண்டாவது ஃபீடு போட்டதற்கு அர்த்தம்.

பிரேக்கரைப் போடுவதற்கு முன் மல்டிமீட்டர். எது பிளஸ், எது மைனஸ் என்பதை ஒயரின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. முன்பு வந்தவர் கையில் எந்த நிறம் கிடைத்ததோ, அதைப் போட்டிருப்பார். மீட்டர் பூஜ்யம் காட்டினாலும் உடனே நம்பிவிடக் கூடாது. மீட்டரே செத்திருக்கலாம். கரன்ட் இருக்கும் வேறோர் இடத்தில் வைத்து, மீட்டர் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும்.

கார்டுகளைத் தொடும்போது மணிக்கட்டில் ஆன்டி-ஸ்டேட்டிக் பட்டை. உடம்பில் சேரும் நிலைமின்சாரம் நமக்கு உறைக்கவே சுமார் 3,000 வோல்ட் ஆக வேண்டும். சிப்புக்கு அதில் சிறு பங்கே போதும், உள்ளுக்குள் கெட்டுவிடும். ஃபைபர் கேபிள் என்றால் நுனியைக் கண்ணுக்கு நேரே பிடித்து `லைட் வருதா?' என்று பார்க்கவே கூடாது. அதில் ஓடும் லேசர் கண்ணுக்குத் தெரியாத வகை. எதுவும் தெரியவில்லையே என்று பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழித்திரை பழுதாகலாம்.

`எப்ப சார் நெட் வரும்?'

இத்தனையும் புத்தகத்தில் இருக்கிறது. சைட்டில் வேலை பார்ப்பவர்களுக்கும் தெரியும். பிறகு ஏன் தவறுகள் நடக்கின்றன?

இந்த வேலை பெரும்பாலும் நள்ளிரவுக்குப் பிறகுதான் நடக்கும். மக்கள் தூங்கும் நேரம் என்பதால் சேவை தடைபட்டாலும் யாருக்கும் தெரியாது. விடிவதற்குள் முடிக்க வேண்டும். மணி மூன்றாகும்போது கண் செருகும். போனில் அலுவலகத்திலிருந்து, `இன்னும் முடியலையா?' என்ற குரல். அந்த நேரத்தில்தான் எர்த்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தோன்றும். தனியாகவே தூக்கிவிடலாம் என்று தோன்றும். கழற்றிய மோதிரம் மறுபடி விரலில் ஏறியிருக்கும்.

வீட்டுப் பக்கமும் இதே அவசரம்தான். அப்பார்ட்மென்ட் பார்க்கிங்கில் சுவரோடு ஒரு சின்ன ரேக் தொங்கும். அதுதான் பிராட்பேண்ட் ரேக். பழுது பார்க்க வந்தவர் அதைத் திறந்ததும், `எப்ப சார் நெட் வரும்?' என்று நாலு பேர் சுற்றி நிற்கிறார்கள். அவர் `எர்த் சரியில்லை, இன்னும் அரை மணி நேரம் ஆகும்' என்று சொன்னால், அது சாக்குப்போக்கு அல்ல. அந்த அரை மணி நேரம் அவருக்கு மட்டுமல்ல, அந்தக் கட்டடத்தில் தூங்கும் எல்லோருக்குமானது.

அந்த ரேக்கின் காற்றுத் துளைகளை மறைத்து துடைப்பத்தையும் பழைய பேப்பர் கட்டையும் வைக்காமல் இருப்பதும், அதற்குள் இருக்கும் பிளக்கில் தண்ணீர் மோட்டாரையோ சீரியல் செட்டையோ சொருகாமல் இருப்பதும் குடியிருப்பவர்கள் செய்யக்கூடிய உதவி. வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றும்போது வளையல், மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் பேட்டரியும் மோதிரத்தைப் பழுக்க வைக்கும்.

வேலை முடிந்ததும் நல்ல டெக்னீஷியன் செய்யும் கடைசிக் காரியம் ஒன்று உண்டு. ஒவ்வொரு கேபிளுக்கும் இரண்டு நுனியிலும் லேபிள் ஒட்டுவார். எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, `ஏ' ஃபீடா, `பி' ஃபீடா என்று அதில் இருக்கும். அன்றைய வேலைக்கு அந்த லேபிள் தேவையே இல்லை. அவருக்கு எல்லாம் மனப்பாடம். இரண்டு வருடம் கழித்து, இதேபோல ஒரு நள்ளிரவில், தூக்கக் கலக்கத்தோடு அந்த ரேக்கைத் திறக்கப்போகும், அவர் பார்த்தே இராத வேறு யார் வீட்டுப் பையனுக்கோ அது தேவைப்படும். அவன் தவறான பிரேக்கரைத் தொடாமல், காலையில் முழுக் கையோடு வீடு திரும்ப வேண்டும் அல்லவா?