தோள்பட்டையும் சாம்பார் அண்டாவும்

இது கோயில் அறிவிப்பு இல்லீங்க, என் சொந்தக் கதை. கொஞ்சம் நீளம்தான். சமையல்கட்டுல நிக்கிற தொண்டர்கள் மட்டுமாவது படிச்சிடுங்க.

பங்குனி உத்திரத்தன்று அன்னதானத்துக்கு நானும் ஒரு தம்பியும் சாம்பார் அண்டாவை அடுப்பிலிருந்து இறக்கினோம். பாதியில என் இடது கை விட்டுப்போச்சு. கொதிக்கிற சாம்பார் அந்தத் தம்பியின் காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கொட்டியது. "தரை வழுக்கிடுச்சு"ன்னு சொன்னேன். பொய். தைப்பூசத் தண்ணீர்ப் பந்தலில் அரிசி மூட்டை தூக்கின நாளிலிருந்தே தோள் வலி. கை தலைக்கு மேல போகாது, சட்டை மாட்ட வீட்டுக்காரம்மா உதவணும். 54 வயசுல "முடியலை"ன்னு சொல்ல வெட்கம், வேற ஒண்ணுமில்லை.

இடது கையாச்சேன்னு பயந்து மறுநாள் கிளினிக் கெசிஹாத்தான் போனேன். செலவு 1 ரிங்கிட். இ.சி.ஜி. எடுத்தாங்க, இதயத்தில் கோளாறு இல்லை. தசை இறுக்கம்தான்னு டாக்டர் மாத்திரை கொடுத்து, கைக்குப் பயிற்சியும் சொன்னார். பிடிச்சுவிடலாமான்னு கேட்டேன், மெதுவா செய்யலாம்னார்.

அப்பதான் பழைய ஞாபகம் வந்தது. நான் முதன்முதலா வேலை செய்த ஜப்பான் தொழிற்சாலையில் ஒரு ஜப்பானிய என்ஜினியர் இருந்தார். ஓவர்டைம் முடிஞ்சு கழுத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்தா, வந்து தோள் மேட்டில் கட்டை விரலை வச்சு நிதானமா அழுத்துவார். ஷியாட்சு. 'ஷி'ன்னா விரல், 'ஆட்சு'ன்னா அழுத்தம். எண்ணெய் கிடையாது, சட்டையைக்கூட கழட்ட வேண்டாம். அவங்க பழைய வைத்தியக் கணக்குல வசந்த காலம் கல்லீரலுக்கும் பித்தப்பைக்கும் உரியதாம். பித்தப்பை நாடி தோள் வழியா ஓடுதாம். அதனால வசந்தத்தில் தோளைக் கவனிக்கணும்பார். "எங்களுக்கு ஏது வசந்தம், வருஷம் பூரா வெயிலும் மழையும்தானே"ன்னு நான் சிரிப்பேன். ஆனா நம்ம பஞ்சாங்கத்திலும் சித்திரை, வைகாசி இளவேனில்தான். புத்தாண்டுக்கு வீட்டைக் கழுவுறோம், வேப்பம்பூ பச்சடி வைக்கிறோம். உடம்பை மட்டும் அப்படியே விட்டுடறோம்.

மசாஜ் சென்டர்னா எனக்கு ஒரு மாதிரி நினைப்பு. தெரிஞ்சவங்க பார்த்தா என்ன சொல்லுவாங்க? அதனால பிரிக்பீல்ட்ஸ் போனேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கிற இடம், சுத்துவட்டாரத்தில் பார்வையற்றவங்க நடத்தும் நிலையங்கள் உண்டு. ஜப்பானிலும் எடோ காலத்திலிருந்தே பார்வையற்றவங்க 'அன்மா'ங்கிற பிடித்துவிடும் தொழில் செய்தாங்க. ஷியாட்சு அதை ஒட்டி வளர்ந்ததுதான்.

எனக்குப் பார்த்தவர் நம்ம தமிழர், என்னைவிட மூத்தவர். தோளைத் தொட்டதும், "மூட்டை தூக்கினீங்களா ஐயா? கோயில் வேலையா?"ன்னு கேட்டார். தைப்பூசத்துக்கு அப்புறம் என்னை மாதிரி நிறைய பேர் வருவாங்களாம்! ஒரு மணி நேரத்துக்கு 60 ரிங்கிட் கொடுத்தேன். ஒவ்வொரு இடமா விரல் வச்சு, நான் மூச்சு விடும்போது அழுத்தி, இழுக்கும்போது தளர்த்தினார். வலிச்சுது, ஆனா தாங்கிக்கிற வலி.

மூணு தடவை போயாச்சு. முழுசா சரியாகலை, அதிசயம் ஒண்ணும் நடக்கலை. ஆனா சட்டையை நானே மாட்டுறேன். டாக்டர் சொன்ன பயிற்சியையும் விடலை.

ஒரு விஷயம். காய்ச்சல், புதுக் காயம், எலும்பு முறிவு இருந்தா போகாதீங்க. காவடி அலகு குத்தின புண் முழுசா ஆறட்டும். ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டரைக் கேளுங்க. கர்ப்பிணிகளுக்குத் தோள் மேட்டில் அழுத்த மாட்டாங்க, முன்கூட்டியே சொல்லிடுங்க. நெஞ்சுவலி, கை மரத்துப் போறதுன்னா நேரா ஆஸ்பத்திரிதான்.

போன வாரம் அந்தத் தம்பியைக் கூப்பிட்டு உண்மையைச் சொன்னேன். "தெரியும் அங்கிள், தரை காய்ஞ்சுதான் இருந்துச்சு"ன்னான். எனக்குப் பேச்சு வரலை.

சித்திரா பௌர்ணமி அன்னதானத்துக்கு அண்டா இறக்க இந்த முறை ரெண்டு பேர் இல்லை, நாலு பேர். தோள் நல்லா இருக்கிறவங்க பேர் கொடுங்க. நான் காய்கறி வெட்டுற பக்கம் இருப்பேன்.