கண்டக்டர் தாத்தாவும் கிணற்று நீச்சலும்

காலை ஐந்தரை மணி. பென்னாகரம் பக்கத்தில் ஒரு கிராமம். வாசல் தெளித்த ஈரம் காய்வதற்குள் தாத்தா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுகிறார். பின்னாலேயே கண்ணைக் கசக்கிக்கொண்டு பேரன். வயது பத்து. பெங்களூரிலிருந்து கோடை விடுமுறைக்கு வந்தவன். கையில் அவன் அப்பா வாங்கிக் கொடுத்த வாட்ச், எத்தனை அடி நடந்தோம் என்று கணக்குச் சொல்கிற வாட்ச்.

"தாத்தா, பத்தாயிரம் அடி நடக்கணும். அப்பதான் ஃபிட்."

"யார்றா கண்ணு சொன்னது?"

"வாட்ச்!"

தாத்தா அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டர். நெரிசலில் முன்படிக்கும் பின்படிக்கும் போய் வந்த நடையை எந்த வாட்சும் எண்ணியதில்லை. ஓய்வு பெற்று எட்டு வருடம் ஆகிறது. முதல் இரண்டு வருடம் திண்ணை, பேப்பர், டிவி. மூன்றாவது வருடம் சர்க்கரை எட்டிப் பார்த்தது. "மாத்திரை பாதி, நடை பாதி" என்றார் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர். அன்றைக்கு ஆரம்பித்த நடை இது.

லண்டனில் ஜெரி மோரிஸ் என்ற டாக்டர், கண்டக்டர்களை வைத்தே ஓர் ஆராய்ச்சி செய்திருக்கிறார். 1953-ல் வெளிவந்தது. மாடி பஸ்ஸில் நாள் முழுக்க உட்கார்ந்தே ஓட்டும் டிரைவர்களைவிட, தினமும் நூற்றுக்கணக்கான படிகள் ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். உடலுழைப்புக்கும் இதயத்துக்கும் உள்ள உறவை உலகத்துக்கு எடுத்துக் காட்டியது அந்த டிக்கெட் பைதான். மோரிஸும் சும்மா இருக்கவில்லை. நடந்து, நீந்தி, 99 வயது வரை வாழ்ந்தார்.

பேரனின் பத்தாயிரம் கணக்குக்கும் ஒரு கதை உண்டு. 1965-ல் ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை விற்க வந்தவர்கள், அதற்குப் 'பத்தாயிரம் அடி மீட்டர்' என்று பொருள்படும் பெயரை வைத்தார்கள். எந்த டாக்டரும் எழுதிக் கொடுத்த அளவு அல்ல. (அதே 1965-ல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டம் ஆனது!) சராசரி 72 வயதுள்ள அமெரிக்கப் பெண்களிடம் செய்து 2019-ல் வெளியான ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே நல்ல பலன் தெரிந்தது. 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசமில்லை. தாத்தா வயதுக்காரர்கள் பத்தாயிரத்தைத் தொடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

தமிழக அரசும் 2023 நவம்பரில் 'நடப்போம் நலம் பெறுவோம்' என்று 38 மாவட்டங்களிலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளைக் குறித்தது. நல்ல விஷயம். ஆனால் கிராமத்தில் நடக்கத் தனிப் பாதை தேவையில்லை. பால் ஊற்றப் போகும் தூரம், ஆட்டை மேய்ச்சலுக்கு ஓட்டும் தூரம் எல்லாமே நடைதான். ஏப்ரல், மே வெயிலில் மட்டும் ஏழு மணிக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். வந்ததும் தாத்தாவுக்குக் கேழ்வரகுக் கூழில் மோர் ஊற்றி, சின்ன வெங்காயம். பேரனுக்கு மாம்பழம் வேண்டும், அதுவும் இரண்டு.

தாத்தாவுக்கு முட்டி மடங்க மறுக்கும். வயது ஒரு காரணம். தண்ணீர் இன்னொரு காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். தருமபுரிக்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆழ்துளைக் கிணறு ஆழமாகப் போகப் போக, பாறையிலிருந்து ஃபுளோரைடு கரைந்து வருகிற ஊர்கள் இங்கே பல. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டிய தண்ணீரை வருடக்கணக்கில் குடித்தால் பிள்ளைகளின் பல்லில் காவிக் கறை. பெரியவர்களுக்கு எலும்பும் மூட்டும் இறுகும். காய்ச்சினால் போகாது. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. 2013-ல் திறந்தார்கள். அந்தக் காவிரித் தண்ணீரைச் சமைக்கவும் குடிக்கவும் தனியாகப் பிடித்து வைப்பதும், பாட்டியைக் கேட்டால், உடற்பயிற்சி மாதிரிதான். குடம் தூக்கித் தூக்கி அவர் தோள் இன்னும் உரமாக இருக்கிறது.

நான்காம் நாள் பேரன் கேட்டான்: "தாத்தா, ஒகேனக்கல்ல குளிக்கலாமா?"

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

அன்று இரவே மகளுக்குப் போன் போட்டார் தாத்தா. பங்காளி வீட்டுக் கிணற்றில் பையனுக்கு நீச்சல் பழக்கப்போவதாகச் சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"வேணாம்ப்பா. உனக்கே முட்டி மடங்கறதில்ல."

மகள் ஏழாவது படிக்கும்போது கோடை லீவில் கூடப் படித்த பெண் ஏரியில் மூழ்கிப் போனாள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனபோது பெஞ்சில் பக்கத்து இடம் காலியாக இருந்தது. மகள் இன்றுவரை தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை. வருடா வருடம் மே மாதம் பேப்பரில் வரும் கல்குவாரிக் குட்டை, ஏரிச் செய்திகளையும் அவள் படிப்பதில்லை.

"இப்ப நான் இருக்கேன், பழக்கறேன்" என்றார் தாத்தா. "பத்து வருஷம் கழிச்சு சிநேகிதப் பசங்களோட ஆத்துக்குப் போவான். அன்னிக்கு நான் இருப்பனா?"

மகள் அழுதாள். பிறகு, "கூட மாமாவும் இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

மறுநாள் காலை மூன்று பேரும் கிணற்று மேட்டில். தாத்தா முதலில் செய்தது, மோட்டாரை நிறுத்தி ஃபியூஸ் கேரியரைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டது. கிணற்றில் கரண்ட் கசிந்து போன உயிர்களை அவர் அறிவார். அடுத்து, மாமன் மேலே கயிற்றோடு. அந்தக் காலத்துச் சுரைக்குடுக்கைக்குப் பதிலாக, மூடி இறுக்கிய காலி எண்ணெய் கேன் பையன் முதுகில். கோடையில் தண்ணீர் கீழே கிடந்தது. சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் கல் படிகளில் ஒவ்வொன்றாக, பக்கவாட்டில் கால் வைத்து இறங்கினார் தாத்தா. ஏழெட்டுப் படிக்கே முகம் சுருங்கியது. தண்ணீரில் இறங்கியதும் அந்த முகமே மாறிவிட்டது. மண்ணில் மடங்காத முட்டி, உடம்பின் பாரத்தைத் தண்ணீர் வாங்கிக்கொண்டதும் தவளை மாதிரி மடங்கி நீண்டது.

"என்னடா பாக்கற? வா!"

முதல் நாள் பையன் தாத்தாவின் கழுத்தை விடவில்லை. இரண்டாம் நாள் தண்ணீரைக் குடித்தான். மூன்றாம் நாள் மூக்கில் ஏறிப் பாட்டியிடம் புகார் போனது. "என்னங்க, பையன விட்ருங்களேன்" என்றார் பாட்டி. ஆறாம் நாள் கேனோடு கிணற்றை ஒரு சுற்று வந்தான். பன்னிரண்டாம் நாள் கேனை அவிழ்த்தார்கள். தாத்தாவின் கை வயிற்றுக்கு அடியில் இருந்தது, பிறகு இல்லை. பையனுக்கு அது தெரியாது. நான்கு வீச்சில் எதிர்ப்பக்கப் படியைப் பிடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தான். தாத்தா இந்தப் பக்கம் இருந்தார்.

மேலே மாமன் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தார். பத்து நிமிஷத்தில் பெங்களூரிலிருந்து பதில் வந்தது: "இன்னொரு தடவை அனுப்பு."

துவட்டிக்கொண்டே பேரன், துவைகல்லின் மேல் கழற்றி வைத்திருந்த வாட்சை எடுத்துப் பார்த்தான்.

"தாத்தா, இன்னிக்கு ஆயிரத்து நூறு அடிதான் காட்டுது. நீந்தினது எதுவும் ஏறல."

"விடு கண்ணு" என்றார் தாத்தா, ஃபியூஸ் கேரியரைப் பையில் தொட்டுப் பார்த்துக்கொண்டே. "அது டிக்கெட் கிழிக்காத ட்ரிப்பு."