நீர்மேல் ஏடு

அரநாயக்கவில் என் தங்கை வீட்டுக் கூடத்தில் ஒரு கடல் இருக்கிறது. நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழம். ஏறத்தாழ 250 லீற்றர் உப்புநீர். ஜன்னலைத் திறந்தால் இறப்பர் மரங்களும் அவற்றுக்கு மேலே தேயிலைச் சரிவும். உண்மையான கடலைக் காண பஸ்ஸில் மூன்று மணி நேரத்துக்கு மேல் போக வேண்டும்.

தங்கையின் கணவர் நீர்கொழும்புப் பக்கம் அலங்கார மீன் ஏற்றுமதி செய்யும் ஒரு நிறுவனத்தில் இருபது வருடம் வேலை பார்த்தவர். மீன்களைப் பொலித்தீன் பைகளிலிட்டு ஒட்சிசன் நிரப்பி விமானத்துக்கு அனுப்புவது அவர் தொழில். வேலை போனபோது கையோடு கொண்டுவந்தது இந்தப் பழக்கத்தை மட்டுந்தான். கடற்சாமந்திக்குள் ஒளிந்து வாழும் கோமாளி மீன்கள் இரண்டு, சின்ன டாம்செல்கள் மூன்று, வியாபாரிகள் பவுடர் புளூ என்றழைக்கும் நீல மீன் ஒன்று. அந்த நீல மீன்தான் அவருக்கு உயிர்.

2022 மார்ச் கடைசியில் நான் அங்கே போய்த் தங்கினேன். கொழும்பில் எரிவாயு இல்லை, பெட்ரோல் வரிசையில் நிற்க எனக்குத் தெம்பில்லை. பத்திரிகைக் காரியாலயத்திலும் பக்கங்கள் குறைந்துகொண்டே வந்தன. தாள் வாங்க டொலர் இல்லாமல் ஒரு நிறுவனம் தன் இரு நாளிதழ்களின் அச்சை நிறுத்தி இணையத்துக்குப் போன வாரம் அது. மார்ச் 31 அன்று மின்வெட்டு 13 மணித்தியாலம்.

மின்சாரம் நின்றால் தொட்டியில் பம்பு நிற்கும். பம்பு நின்றால் நீர் அசையாது. அசையாத நீரின் மேல், ஆறிய பாலின் மேல் படிவதுபோல, ஓர் ஏடு படிந்துவிடும். மீனுணவின் எண்ணெய், மீனின் உடற்கோழை, அழுகும் உணவுத் துணுக்கின் புரதம், நம் கையிலிருந்து போகும் பிசுக்கு எல்லாம் அதில் இருக்கின்றன. இப்பொருள்களின் மூலக்கூறுகளுக்கு ஒரு தலை நீரை விரும்பும், மறு தலை வெறுக்கும். ஆகவே அவை நீருக்கும் காற்றுக்கும் நடுவே போய் நின்றுகொள்கின்றன. சிற்றலையைக் கூட அடக்கிவிடுகின்றன. ஒட்சிசன் கீழிறங்குவதும் கரியமிலவாயு மேலேறுவதும் தடைப்படுகின்றன. உப்புநீருக்கு ஏற்கனவே பஞ்சம்: அதே வெப்பத்தில் நன்னீரை விட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவாகவே ஒட்சிசனைத் தாங்கும். எல்லாப் பழியையும் ஏட்டின் மேல் போடவும் கூடாது. நீர் அசையாததுதான் முதற் குற்றவாளி, ஏடு அதற்குத் துணை போகிறது.

மின்சாரம் இருக்கும்போது இரண்டு காவல்கள் உண்டு. தொட்டியின் ஓரத்தில் சீப்புப் பல்லாக வெட்டிய ஒரு வழிவு. மேல்மட்ட நீர் மட்டுமே அதன் மேலால் வழிந்து கீழ்த் தொட்டிக்குப் போகும்; ஏடும் மிதக்கும் துணுக்கும் கூடவே போகும். கீழே ஸ்கிம்மர். அது நுண்ணிய குமிழிகளை விடும். அழுக்கு குமிழிகளின் தோலில் ஒட்டி நுரையாக ஏறி, தேநீர்ச் சாயம் போன்ற நாற்றத் தண்ணீராகக் கிண்ணத்தில் சேரும். உப்புநீரில் குமிழிகள் சிறியனவாக நிற்பதால்தான் இந்த உபாயம் கடல் தொட்டியில் பலிக்கிறது.

மின்சாரம் இல்லாத நாளில் இரண்டும் இல்லை. நீரை மாற்றலாமென்றால் நீர்கொழும்பிலிருந்து கடல்நீர் கொண்டுவர வாகனத்துக்கு எண்ணெய் இல்லை.

முதல் நாள் மாப்பிள்ளை ஒரு ஜக்கை எடுத்து, அதன் வாய் நீர்மட்டத்துக்கு ஒரு மயிரிழை கீழே இருக்குமாறு அமிழ்த்திப் பிடித்தார். மேலாடை நாலாபக்கமிருந்தும் ஓடிவந்து உள்ளே விழுந்தது. நல்ல உத்திதான், ஆனால் ஜக்கு ஜக்காக உப்புநீர் வீணாகிறது. "தாள் இருந்தாத் தேவல மச்சான்" என்றார்.

என் பையில் தாள் இருந்தது. அக்காலத்தில் நாங்கள் செய்தி எழுதியது, அச்சுக்கூடத்து ரீலில் மிஞ்சியதை வெட்டிக் கட்டிய கட்டுகளில். பழக்கம் விடாமல் ஒரு கட்டை வைத்திருந்தேன். அச்சேறிய பத்திரிகையை அவர் வேண்டாமென்றார். மையில் எண்ணெய் உண்டு. வெற்றுத் தாளை நீரின் மேல் மெல்லப் படுக்கவைத்து, நனைந்ததும் ஒரு முனையைப் பிடித்து வழித்தெடுத்தார். ஏடு தாளோடு வந்துவிட்டது. அடியில் நீர் கண்ணாடியாகத் தெரிந்தது. பிறகு குவளையால் மொண்டு மொண்டு உயரத்திலிருந்து ஊற்றினோம், மாறி மாறி, நள்ளிரவு தாண்டும் வரை.

ஆனால் காலையில் ஏடு திரும்பவும் இருந்தது, முன்னிலும் தடிப்பாக. நான்கு மீனுக்குக்கூடப் போதாத அளவு உணவு போட்டும் இத்தனை பிசுக்கு எங்கிருந்து?

அக்னஸ் பொக்கல்ஸின் நினைவு வந்தது. ஜெர்மனியின் பிரவுன்ஸ்வைக் நகரில் பெற்றோரைப் பராமரித்துக்கொண்டு வீட்டிலிருந்த பெண். பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர். சமையலறையில் பாத்திரம் கழுவிய நீரின் மேற்பரப்பைக் கவனிக்கத் தொடங்கி, ஒரு தகரத் தொட்டியும் அதன் குறுக்கே நகர்த்தக்கூடிய ஒரு தகட்டுப் பட்டையும் செய்து, நீர்மேல் ஏட்டைத் தள்ளி ஒதுக்கி அளந்தார். அவர் எழுதிய கடிதத்தை ரேலி பிரபு 1891இல் நேச்சர் இதழில் வெளிவரச் செய்தார். கலைப் பட்டதாரியான எனக்கு விஞ்ஞானத்தில் மனத்தில் தங்கிய சிலவற்றில் அது ஒன்று. தங்கினதற்குக் காரணம் அந்தச் சமையலறை.

நான் எழுந்து தங்கையின் சமையலறையைப் பார்த்தேன். எரிவாயு தீர்ந்து ஒரு மாதம். கூடத்துக்கு அடுத்த அறையில் மூன்று கல் வைத்து இறப்பர் விறகு எரித்துக்கொண்டிருந்தாள். புகையும் தேங்காயெண்ணெய் ஆவியும் கதவிடுக்கால் கூடத்துக்கு வந்து, மூடியில்லாத தொட்டியின் மேல் படிந்துகொண்டிருந்தன. கண்ணாடி விளிம்பில் விரலை இழுத்தேன், கரி.

சொல்வதா வேண்டாமா என்று அரை நாள் தயங்கினேன். ஏற்கனவே அந்த வீட்டில், அரிசிக்குக் காசில்லாத நேரத்தில் மீனுக்குத் தீனி வாங்குவது பற்றி ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. சொன்னேன். தங்கை விறகை அணைக்காமலே திரும்பினாள். "அப்ப நாங்க சோறு திங்கிறதுதான் குத்தமா அண்ணே?" மாப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. அன்று மாலை இருவருமாக மூன்று கல்லையும் கோழிக்கூட்டுப் பக்கம் தூக்கிப் போனார்கள். மேலே நாலு தகரம். தொட்டிக்குப் பழைய கொசுவலைத் துணியில் ஒரு மூடி. கண்ணாடி போட்டால் காற்று போகாது.

நீல மீன் அதற்கு முந்திய இரவே நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. விடியற்காலையில் ஒரு பக்கமாகச் சாய்ந்துவிட்டது. மாப்பிள்ளை அதை என் வெற்றுத் தாளொன்றில் சுற்றி இறப்பர் மரத்தடியில் புதைத்தார். மற்றவை பிழைத்தன. கோமாளி மீன்கள் இன்றும் இருக்கின்றன.

எரிவாயு திரும்பி வந்த பிறகும் தங்கை எண்ணெயில் பொரிப்பதை மட்டும் வெளி அடுப்பிலேயே செய்கிறாள். போன தடவை நான் புறப்படும்போது வாசல்வரை வந்தாள்.

"அடுத்த முற வரும்போது அந்த எழுதாத பேப்பர் கொஞ்சம் கொண்டாங்க அண்ணே. எழுதினது வேணாம்."