நம் வீட்டு வசந்தோற்சவம்

வசந்த காலத்தைப் பற்றிக் கவிஞர்கள் வேண்டிய மட்டும் எழுதிவிட்டார்கள். தென்றலைப் பற்றியும் குயிலைப் பற்றியும் மாந்தளிரைப் பற்றியும் இனி ஒருவர் புதிதாகச் சொல்வதற்கு ஏதும் மிச்சமில்லை. ஆனால் அந்த வசந்தத்தைச் சென்னை மாநகரில், ஏப்ரல் மாதத்தில், வியர்வை வழிய வழிய, ஆறு வயதுப் பெண் ஒருத்தியையும் நான்கு வயதுப் பிள்ளை ஒருவனையும் வைத்துக்கொண்டு எவ்விதம் கொண்டாடுவது என்பதைப் பற்றி எந்தக் கவிஞரும் எழுதியதாக நமக்குத் தெரியவில்லை. மகாகவிகள் விட்ட குறையை நிரப்ப நாம் முன்வந்திருக்கிறோம். வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்தப் பிரச்னையை நம் முன் கொண்டுவந்து நிறுத்தியது ஒரு படப் புத்தகம். வருஷத்துக்குப் பருவங்கள் நான்கு என்று அதில் போட்டிருந்தது. வசந்தம் என்ற பக்கத்தில் பனி உருகிக் கொண்டிருந்தது. பனியைப் பிளந்துகொண்டு ஒரு மஞ்சள் பூ எட்டிப் பார்த்தது. கம்பளிக் குல்லாய் அணிந்த சிறுவன் ஒருவன் அதைக் கண்டு சிரித்துக் கொண்டிருந்தான். நம் பேத்தி அந்தக் குல்லாய்க்கு மிகுந்த பிரயாசையுடன் சிவப்பு வர்ணம் தீட்டி முடித்துவிட்டு, "ஏன் தாத்தா, நம் ஊருக்கு வசந்தம் வராதா?" என்று கேட்டாள்.

புத்தகத்தின் மீது நமக்குக் கோபம் இல்லை. பனி பெய்யும் தேசத்தில் பனி உருகுவதுதான் வசந்தம். ஆறு மாதம் இருட்டிலும் குளிரிலும் அடைந்து கிடந்த ஜனங்கள் ஒரு மஞ்சள் பூவைக் கண்டு ஆனந்தக் கூத்தாடுவது முற்றும் நியாயம். ஆனால் நம் வீட்டுக் குழந்தை அதைப் பார்த்துவிட்டு, தன் தெருவுக்குப் பருவம் என்ற ஒன்றே கிடையாது, நமக்கெல்லாம் வெயிலும் மழையும் போதும் என்று கடவுள் தீர்மானித்துவிட்டார் என்ற முடிவுக்கு வருவதென்றால், அதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க மனம் வரவில்லை. அவள் அந்தக் கேள்வியைக் கேட்ட சமயத்தில், ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம் தலையோடு கால் பூத்து நின்றது. தெருவெங்கும் தேன் மணம். குழந்தை அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய வஸ்து அது என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

உடனே நாம் ஒரு சிறு பிரசங்கத்தைத் தொடங்கினோம். தமிழருக்குப் பருவங்கள் நான்கல்ல, ஆறு. கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்று பெயர். ஒவ்வொன்றும் இரண்டிரண்டு மாதம். சித்திரையும் வைகாசியும் இளவேனில். அதுவே நமது வசந்தம் என்று எடுத்துரைத்தோம். பின்பனி வரையில் வருவதற்குள் சிறியவன் எழுந்து போய்விட்டான். சமையலறையிலிருந்து நமது இல்லாளின் குரல் வந்தது: "வேனில் என்று வாயால் சொன்னால் குழந்தைக்கு என்ன விளங்கும்? ஒரு பழைய வேஷ்டியைக் கொடுங்கள்."

அந்த வேஷ்டியிலிருந்துதான் நம் வீட்டு வசந்தோற்சவம் ஆரம்பமாயிற்று.

இரவில் வேஷ்டியை வேப்பமரத்தடியில் விரித்து, நான்கு மூலைக்கும் நான்கு கற்களை வைத்துவிட்டு வந்தோம். விடியற்காலையில் குழந்தைகள் இருவரும் நம்மை எழுப்பினார்கள். (பள்ளிக்கூடத்துக்கு அவர்களை எழுப்புவதற்கு நாம் படும் பாட்டை இங்கே விவரிக்கப் போவதில்லை.) வேஷ்டியின் மேல் வெள்ளைப் பூக்கள் அரிசி சிந்தினாற்போல் கிடந்தன. அவற்றோடு சருகு, குச்சி, எறும்பு எல்லாம் இருந்தன. முறத்தில் இட்டுப் புடைத்துப் பூவை வேறாகவும் குப்பையை வேறாகவும் பிரிப்பதற்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. முறம் பிடிக்க ஆறு வயதுக் கைகள் லாயக்கில்லை என்று நாம் எண்ணியிருந்தோம். இரண்டாம் நாளே அவை லாயக்காகிவிட்டன. நான்கு நாள் வெயிலில் காய்ந்து பூ பழுப்பு நிறமானதும் ஜாடியில் போட்டு மூடினாள் பாட்டி.

சித்திரை முதல் தேதியன்று அதில் ஒரு கைப்பிடியை நெய்யில் வறுத்து, மாங்காயும் வெல்லமும் சேர்ந்த பச்சடியில் போட்டார்கள். பெரியவள் முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுங்கினாள். அவளே பொறுக்கிய பூ அல்லவா? சிறியவனோ வெல்லம் தோய்ந்த மாங்காயை மட்டும் தேர்ந்தெடுத்துத் தின்றுவிட்டு, பூவை இலையோரத்தில் ஒதுக்கினான். "இவ்வளவு நல்ல வாசனையாக இருந்ததே, இப்போது ஏன் கசக்கிறது?" என்று அவன் கேட்ட கேள்விக்குப் பாட்டியும் பதில் சொல்லவில்லை, நாமும் சொல்லவில்லை. சிலர் வீட்டில் குழந்தைகளுக்குக் கசப்பு ஆகாது என்று பெயருக்கு ஒரே ஒரு பூவைப் போடுகிறார்கள். நமக்கு அது சம்மதமில்லை. கசப்பில்லாத வருஷப் பிறப்பு என்ன வருஷப் பிறப்பு?

நிற்க. விளையாட்டுச் சாமான்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இந்நாளில் பருவத்துக்கு ஒரு பெட்டி என்று கடையில் விற்கிறார்கள். அதற்குள் காகிதப் பூ இருக்கிறது, பிளாஸ்டிக் வண்ணத்துப்பூச்சி இருக்கிறது, அவற்றை எப்படி ஒட்ட வேண்டும் என்ற உத்தரவும் அச்சிட்டு இருக்கிறது. உத்தரவுப்படி ஒட்டியானதும் விளையாட்டு முடிந்துவிடுகிறது. நம் தெருவில் இளவேனில் இலவசமாகக் கொடுக்கும் சாமான்கள் அப்படிப்பட்டவை அல்ல.

பூவரச இலையை எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்பத் தளிராக இருந்தால் கிழிந்துபோகும். முற்றியதாக இருந்தால் வெடித்துவிடும். நடுத்தரமான இலையைப் பார்த்துப் பறித்து, இறுக்கமாகச் சுருட்டி, ஒரு முனையை விரலால் நசுக்கித் தட்டையாக்கி ஊதினால் பீப்பீ தயார். சின்ன இலையில் கீச்சென்ற ஓசையும் பெரிய இலையில் தடித்த ஓசையும் வருவதைச் சிறியவன் தானாகவே கண்டுபிடித்து, ஏழெட்டு இலைகளை வரிசையாக வைத்துக் கச்சேரி செய்தான். பகல் தூக்கம் கெட்ட அடுத்த வீட்டுக்காரர் ஒருவரைத் தவிர எல்லோரும் ரசித்தார்கள்.

தென்னங்கீற்றில் காற்றாடியும் பாம்பும் கைக்கடிகாரமும் செய்யலாம். நுங்கு வாங்கித் தின்ற பிறகு கூட்டை எறிந்துவிடாமல், இரண்டு கூடுகளை ஒரு குச்சியின் இரு முனைகளிலும் செருகி, கவட்டைக் கம்பால் தள்ளினால் வண்டி ஓடும். கம்பைச் சீவும் வேலை மட்டும் பெரியவர்களுடையது. நம் தெரு முனையில் நுங்கு விற்பவர், கூடு எதற்கு என்று தெரிந்ததும் நல்ல உருண்டையானவையாக நான்கு பொறுக்கிக் கொடுத்தார். அவற்றுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். புங்கமரம் பூ உதிர்க்கத் தொடங்கியபோது பெரியவள் கொட்டாங்கச்சி நிறைய அள்ளி வந்து, "பொரி விற்கிறேன், பொரி!" என்று கூவினாள். உதிர்ந்த புங்கம்பூவைப் பொரிக்கு ஒப்பிட்டவர்கள் சங்கப் புலவர்கள். அவர்களை அவள் படித்தவள் அல்ல. கண்ணால் பார்த்தாள், அவ்வளவுதான்.

இவை எல்லாவற்றையும் விட அமர்க்களப்பட்டது வசந்த மண்டபந்தான். மதுரையில் மீனாட்சியம்மன் கோவிலின் கீழைக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம் என்று ஒன்று இருப்பதை வாசகர்கள் அறிவார்கள். நெடுங்காலம் அங்கே தையற்காரர்களும் புத்தகக் கடைக்காரர்களும் குடியிருந்தபடியால், அது கடைத்தெரு என்றே பலர் எண்ணியிருந்தார்கள். உண்மையில் அது 17-ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த உற்சவத்துக்கென்றே கட்டியது. வெப்பம் தணிவதற்காக அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்படி ஓர் அகழியும் அமைத்தார்கள். மேல்நாட்டு வசந்தம் குளிருக்கு விடை கொடுத்துவிட்டு வெயிலைத் தேடிக்கொண்டு வெளியே ஓடுகிறது. நம்முடைய வசந்தமோ பூவையும் காற்றையும் அனுபவித்துக்கொண்டே நிழலையும் நீரையும் தேடுகிறது. கல்லில் அவ்வளவு பெரிதாக எழுதி வைத்திருக்கும்போது, நமக்கு வசந்தம் வராது என்று எப்படிச் சொல்ல முடியும்?

இந்தக் கதையைக் கேட்ட குழந்தைகள் தங்களுக்கும் ஒரு மண்டபம் வேண்டும் என்றார்கள். நான்கு நாற்காலிகள் நான்கு தூண்களாயின. பாட்டியின் பழைய பட்டுப் புடவை விதானமாயிற்று. நடுவில் மரப்பாச்சி ராஜாவும் ராணியும் எழுந்தருளினார்கள். சுற்றிலும் அகழிக்காகப் பித்தளைத் தாம்பாளங்களில் தண்ணீர் ஊற்றி, வேப்பம்பூவையும் மல்லிகையையும் மிதக்க விட்டார்கள். வாசலில் மாவிலைத் தோரணம். வெட்டிவேர் ஒரு கட்டு வாங்கி நனைத்துத் தொங்கவிட்டது நமது உபயம். மாலை ஐந்து மணிக்குக் கடற்காற்று வீசத் தொடங்கியதும், புடவை புடைத்து எழும்பி, வெட்டிவேரின் மணம் அந்த அறை முழுதும் பரவியது. ராஜாவையும் ராணியையும் ஓரமாக நகர்த்திவிட்டுக் குழந்தைகள் இருவரும் உள்ளே புகுந்து படுத்துக்கொண்டார்கள். பத்து நிமிஷத்துக்கு அந்த வீட்டில் சத்தமே இல்லை. அப்படிப்பட்ட பத்து நிமிஷத்தின் விலை குழந்தைகள் உள்ள வீட்டாருக்குத் தெரியும்.

உற்சவம் முடிந்ததும் தாம்பாளத்துத் தண்ணீர் ஒரு சொட்டு வீணாகாமல் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் போயிற்று. 2019-ஆம் ஆண்டில் சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு, குடத்தோடு லாரிக்காகக் காத்து நின்ற நாட்களை நாம் மறக்கவில்லை. அந்தக் கதையையும் குழந்தைகளிடம் சொன்னோம். நம் வசந்தத்தில் அதுவும் ஒரு பகுதி.

இவ்வளவுக்கும் நேரம் ஏது என்று பெற்றோர்கள் கேட்கலாம். நம் மருமகளும் அதையே கேட்டாள். இந்தப் பருவம் வரும் சமயம் பார்த்துத்தான் பள்ளிக்கூடங்களில் பரீட்சை வருகிறது. நான்கு வயதுப் பிள்ளைக்குக் கூடப் பரீட்சையாம்! கணக்குப் போட்டுப் பார்த்தோம். குழந்தைக்கு விவரம் தெரியும் வயது நான்கு. பெரிய பரீட்சைகள் வந்து பிடித்துக்கொள்ளும் வயது பன்னிரண்டு. நடுவே இருப்பவை எட்டே எட்டு இளவேனில்கள். பேத்திக்கு அவற்றில் இரண்டு ஏற்கெனவே போய்விட்டன. இந்தக் கணக்கைக் கேட்ட மருமகள் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறுநாள் பாடப் புத்தகத்தை எடுக்கும் நேரத்தை அரை மணி தள்ளிப் போட்டாள்.

கடைசியாக நிழல் பிடித்த கதை. சூரியன் பூமத்திய ரேகைக்கு நேராக வரும் மார்ச்சு 20-ஆம் தேதி வாக்கில்தான் மேல்நாட்டுப் புத்தகங்களின் வசந்தம் பிறக்கிறது. நமது சித்திரையோ நட்சத்திரக் கணக்கைச் சேர்ந்தது. சூரியன் மேஷத்தில் புகும் நாள் அது. இரண்டு கணக்குகளும் சுமார் 72 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் விலகி விலகி, இன்று மூன்று வாரத்துக்கு மேல் இடைவெளி விழுந்துவிட்டது. இதைக் குழந்தைகளுக்குச் சொல்ல முடியாது. ஆனால் காட்டக்கூடியது ஒன்று உண்டு.

மார்ச்சு 20-ஆம் தேதி நண்பகலில் பித்தளைப் படியை மொட்டைமாடியில் கவிழ்த்து வைத்தோம். அதன் உயரத்தில் நாலில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக, வடக்கு நோக்கி நிழல் விழுந்தது. நிழலின் நுனியில் பெரியவள் கோலமாவால் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு வாரம் இரண்டு முறை, படியை அதே இடத்தில் வைத்துப் புள்ளி வைத்து வந்தோம். புள்ளிகள் ஒவ்வொன்றாகப் படியை நெருங்கி வந்தன. ஏப்ரல் 24-ஆம் தேதி, பகல் 12 மணி 7 நிமிஷத்துக்கு, நிழல் அடியோடு மறைந்துவிட்டது! சூரியன் நேர் உச்சியில் நின்றான். சிறியவன் படியைச் சுற்றிச் சுற்றி வந்து தேடினான். பிறகு படியைத் தூக்கி அடியிலும் பார்த்தான். கன்னியாகுமரியில் இது சுமார் இரண்டு வாரம் முன்னதாகவும், மதுரையில் ஒரு வாரம் முன்னதாகவும் நடந்துவிடுகிறது. டில்லிப் பட்டணத்தாருக்கும் லண்டன் மாநகரத்தாருக்கும் இந்தப் பாக்கியம் ஆயுள் முழுவதும் கிடையாது. சூரியன் அவர்கள் உச்சிக்கு வருவதே இல்லை. கம்பளிக் குல்லாய்ச் சிறுவனுக்கு இதைப் பற்றி ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று பேத்தி யோசனை சொன்னாள்.

அடுத்த சில நாட்களில் நிழல் மறுபடியும் எட்டிப் பார்த்தது, இந்தத் தடவை தெற்குப் பக்கத்தில். சூரியன் தெற்கே திரும்பி வரும்போது, ஆகஸ்டு 18-ஆம் தேதி வாக்கில், நிழல் இன்னொரு முறை மறையும் என்று சொல்லியிருக்கிறோம். அன்று பள்ளிக்கூடம் இருந்தால் லீவுக் கடிதத்தில் என்ன காரணம் எழுதுவது என்று குழந்தைகள் இருவரும் இப்போதே பாட்டியுடன் ஆலோசனை நடத்திக் கொண்டிருக்கிறார்கள்.