கூரைப்புல் விளையும் நிலம்

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாக, நாமக்கல் மாவட்டத்தில், கடல்மட்டத்துக்கு மேல் ஏறத்தாழ 1000 முதல் 1300 மீட்டர் உயரத்தில் பரந்து கிடக்கும் கொல்லிமலையில் ஒரு குடும்பம் சூழலுக்கு இசைந்த வீடு கட்ட எண்ணுமானால், அது முதலில் கணக்கில் கொள்ள வேண்டியவை அடிவாரத்துக் காரவள்ளியிலிருந்து மேலேறும் சாலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளே ஆகும். சிமென்ட் மூட்டை, கம்பி, சூளைச் செங்கல், கல்லை உடைத்துச் செய்யப்படும் எம்-சாண்ட் என ஒவ்வொன்றும் டீசலை எரித்து மலையேறித்தான் மனையை வந்தடைகிறது. அவ்வாறு கட்டி முடித்த வீட்டின்மேல் சூரியத் தகட்டைப் பொருத்திப் பசுமை வீடு என்று பெயரிடுவது, செலவு முழுவதும் நடந்து முடிந்தபின் சிறு தொகையைத் திருப்பிச் செலுத்துவதற்கு மேலான பயனைத் தருவதில்லை. மலையேறி வரவேண்டியது எவ்வளவு, மலையே தரக்கூடியது எவ்வளவு என்ற கேள்வியிலிருந்துதான் இங்கே வீட்டின் வரைபடம் தொடங்க வேண்டும்.

இந்தக் கேள்விக்கு நீண்டகாலம் விடை தந்துகொண்டிருந்தது மலையாளிகளின் வீடு. மலையாளி என்பது இங்கே கேரள மக்களைக் குறிப்பதில்லை. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்று மரபுக்கதை சொல்லிவரும், தமிழையே பேசும், அட்டவணைப் பழங்குடியினராக அறிவிக்கப்பட்ட மலைவாழ் மக்களின் பெயர் அது. வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு, அரியூர் நாடு என்று ‘நாடு’களாகப் பகுக்கப்பட்ட ஊர்களில் அவர்கள் கட்டிய பழைய வீடு, மனையைத் தோண்டும்போது கிடைத்த கல்லை அடுக்கி உயர்த்திய மேடை, பிளந்த மூங்கிலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிய தட்டி, அத்தட்டியின் இருபுறமும் வைக்கோல் கலந்து மிதித்த செம்மண் பூச்சு, சாணம் மெழுகிய தரை, அடுப்புக்கு மேலே தானியமும் விதையும் வைக்கும் பரண், எல்லாவற்றையும் மூடித் தாழ இறங்கும் புற்கூரை ஆகியவற்றால் ஆனது. சுவருக்கு மண் குழைப்பதும் பூசுவதும் மெழுகுவதும் பெரும்பாலும் பெண்களின் கைவேலை. கூரை வேய்வது பங்காளிகளும் அண்டை வீட்டாரும் கூடிச் செய்யும் வேலை, அதற்குக் கூலி ஒருவேளைச் சாப்பாடும் அடுத்த ஆண்டு அவர்கள் வீட்டுக் கூரைக்குச் சென்று உழைப்பதும்தான்.

இந்த வீட்டை அதன் பொருள்களின் பட்டியலாக மட்டும் பார்ப்பவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். கூரைப்புல் ஆண்டுதோறும் வளரும் மேய்ச்சல் சரிவு ஒன்று ஊருக்கு இருந்தது; மண்பூச்சு காயும்போது வெடிக்காமல் பிடித்துவைக்கும் வைக்கோல் சாமை, கேழ்வரகு வயல்களிலிருந்து வந்தது; அடுப்பிலிருந்து எழுந்த புகை பரணில் இருந்த விதையை வண்டிலிருந்து காத்து, கூரைக்குள் ஊடுருவிப் புல்லையும் மூங்கிலையும் பூச்சியிலிருந்து காத்து, பின்பு வெளியேறியது. வீடு, வயல், சரிவு, அடுப்பு ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றன என்பதால், அவற்றில் ஒன்று மாறியபோது மற்றவை அப்படியே நிற்க முடியவில்லை. சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளுக்காக மரவள்ளி மலையேறியதும், சாமையும் தினையும் பனிவரகும் விளைந்த நிலத்தில் பெரும்பங்கை அது பிடித்துக்கொண்டது. மரவள்ளி கையில் பணத்தைத் தந்தது, வைக்கோலைத் தரவில்லை. சரிவுகளில் மிளகுக்கொடி ஏறுவதற்கும் காப்பிக்கு நிழலாகவும் ஆஸ்திரேலிய மரமாகிய சில்வர் ஓக் நிறைய நடப்பட்டது. அதன் நிழலில் கூரைப்புல் செழிப்பதில்லை. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து இம்மலையில் சிறுதானிய விதைகளையும் அவற்றின் சந்தையையும் மீட்க உழைத்து வந்திருக்கிறது. அம்முயற்சி பெரும்பாலும் உணவின் பெயரால் பேசப்பட்டாலும், சாமை வயல் மீளும் இடத்தில் சுவருக்குரிய வைக்கோலும் மீள்கிறது என்பதைக் கட்டடம் பற்றி எழுதுவோர் கவனிக்க வேண்டும்.

பழைய வீட்டை விட்டுவந்தவர்களைக் குறைசொல்ல எவருக்கும் உரிமையில்லை. விதையைக் காத்த அதே புகை, அடுப்பின் முன் அமர்ந்த பெண்களின் கண்ணையும் நுரையீரலையும் தின்றது. புற்கூரையில் ஒரு பொறி விழுந்தால் சேமித்த தானியம், பட்டா, பள்ளிச் சான்றிதழ் எல்லாம் ஒரு மணி நேரத்தில் போய்விடும். எரிவாயு அடுப்பு வந்தபின் புகை நின்றது, ஆனால் புகை நின்றபின் புல் விரைவாக உளுத்தது, உளுத்த புல்லை மாற்றப் புதுப்புல் கிடைக்கவில்லை. அரசின் திட்டங்களும் குடிசையை நீக்குவதையே நோக்கமாகக் கொண்டன: 2010இல் வந்த கலைஞர் வீட்டு வசதித் திட்டம் குடிசைகளைக் கான்கிரீட் வீடுகளாக மாற்ற முனைந்தது, 2011இல் அறிவிக்கப்பட்ட முதலமைச்சரின் சூரிய ஒளி சக்தியுடன் கூடிய பசுமை வீடுகள் திட்டம் 300 சதுர அடி வீட்டுக்கு 1.80 லட்சம் ரூபாய் ஒதுக்கி, சூரிய ஒளி விளக்குகளையும் மழைநீர் சேகரிப்பையும் அதில் சேர்த்தது. 2024இல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் 360 சதுர அடி வீட்டுக்கு 3.50 லட்சம் ரூபாய் வழங்குகிறது. தீக்கும் மழைக்கும் அஞ்சாமல் உறங்கும் உரிமை ஒரு குடும்பத்துக்குக் கிடைப்பது பெரும் நன்மை, அதைச் சிறிதாக்கிப் பேசும் சூழலியம் மனிதரை மறந்த சூழலியம்.

ஆனாலும் அந்தக் கான்கிரீட் வீடு சமவெளிக்காக வரையப்பட்டது. 300 சதுர அடிப் பரப்புக்கு 4 அங்குலக் கனத்தில் தளம் போட 100 கன அடி கான்கிரீட் வேண்டும், அதற்கு வழக்கமான கலவை விகிதத்தில் 20 மூட்டைக்கு மேல் சிமென்ட் செல்லும். சுண்ணாம்புக்கல்லை ஏறக்குறைய 1450 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுட்டே சிமென்ட் செய்யப்படுகிறது. எரிபொருளிலிருந்து ஒரு பங்கும், கல்லே சிதைவதால் மற்றொரு பங்குமாக, ஒரு டன் சிமென்டுக்கு அரை டன்னுக்கும் மேல் கரியமில வாயு வெளியேறுகிறது. இவ்வளவு செலவில் கிடைக்கும் மெல்லிய தளம், மார்கழி இரவில் தன் வெப்பத்தை வானத்துக்குக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்து, விடியற்காலையில் உள்ளே இருப்பவர் மூச்சிலிருக்கும் ஈரம் அதன் அடிப்பரப்பில் படியும் இடமாகிறது. சமவெளியில் வெயிலைத் தடுப்பது வீட்டின் கடமை. கொல்லிமலையில் பனிக்காலத்தில் வெயிலைச் சேர்த்துவைப்பதும் மழைக்காலத்தில் ஈரத்தை வெளியேற்றுவதும் அதன் கடமை.

மலைச்சரிவில் குடும்பமாக வாழ்ந்து கட்டக் கற்ற ஒருவரின் வரலாறு இங்கே துணைக்கு வருகிறது. 1917இல் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பிறந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர், மருத்துவர் எலிசபெத் ஜேக்கப்பை 1948இல் மணந்து, இமயத்தின் பித்தோராகட் பகுதியில் மருத்துவமனையும் வீடும் தாமே கட்டிக்கொண்டு பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். தாம் இங்கிலாந்தில் படித்த கட்டடக் கலைக்கு அம்மலையில் பெரிதாக இடமில்லை என்பதையும், சுற்றுக் கிராமத்தாரின் கல்வீடுகள் தலைமுறைகளின் சோதனையால் தேறிய விடைகள் என்பதையும் அவர் அங்கேதான் கண்டுகொண்டார். அதற்கு முன்பே பம்பாயில் அவரைச் சந்தித்த காந்தியடிகள், நல்ல வீடு தன்னைச் சுற்றி ஐந்து மைல் தொலைவுக்குள் கிடைக்கும் பொருளால் கட்டப்பட வேண்டும் என்ற கருத்தை அவருக்குச் சொல்லியிருந்தார். பின்னர் கேரளத்துக்கு வந்த பேக்கர், திருவனந்தபுரம் நாலாஞ்சிறையில் செங்குத்தான பாறைச்சரிவு ஒன்றில் தம் குடும்ப வீட்டை அமைத்தார். சரிவை வெட்டித் தட்டையாக்காமல் அதன் படிகளிலேயே அறைகள் ஒவ்வொன்றாகத் தேவைக்கேற்ப ஆண்டாண்டாக வளர்ந்த வீடு அது. ஒரே மூச்சில் கடன் வாங்கிக் கட்டிமுடிப்பதற்குப் பதிலாக, குடும்பம் வளர வீடும் வளரலாம் என்ற இந்தப் பாடம், அவர் பெயரோடு அதிகம் பேசப்படும் செங்கல் சிக்கனங்களைவிடக் கொல்லிமலைக்கு நெருக்கமானது.

இன்று இம்மலையில் தன் பட்டா நிலத்தில் கட்டத் திட்டமிடும் மலையாளிக் குடும்பத்துக்கு முதல் முடிவு மனையைப் பற்றியது. ஜேசிபியை விட்டுச் சரிவைச் சமமாக்கினால், வெட்டிய பக்கம் மழையில் சரியும், கொட்டிய பக்கம் பாரம் தாங்காது இறங்கும். வீட்டின் நீளப்பக்கத்தைச் சமஉயரக் கோட்டின் திசையில், அதாவது ஒரே உயரத்திலுள்ள இடங்களை இணைக்கும் கோட்டின் போக்கில் வைத்துத் தரையை இரண்டு மூன்று படிகளாக இறக்கினால் தோண்டல் மிகக் குறையும். கொல்லிமலை ஏறத்தாழ 11 பாகை வட அட்சத்தில் இருப்பதால், மார்கழி நண்பகலில் சூரியன் தெற்கே சாய்ந்து 55 பாகை உயரத்தில் நிற்கிறது. தெற்குச் சுவரில் சன்னலை அமைத்து, இறவாணத்தை, அதாவது சுவருக்கு வெளியே நீளும் கூரை விளிம்பை, அந்த வெயில் உள்ளே வருமளவுக்கு மேலே நிறுத்தி, மழைச்சாரல் அடிக்கும் பக்கங்களில் மட்டும் அதைத் தாழ இறக்குவது பொருத்தமானது.

அடுத்தது மண். கண்ணாடிப் புட்டியில் பாதிவரை மண்ணை இட்டு, நீரூற்றிக் குலுக்கி ஒரு நாள் வைத்தால், அடியில் மணலும், அதன்மேல் வண்டலும், உச்சியில் களியும் தனித்தனி அடுக்குகளாகப் படியும். களி மிகுந்தால் சுவர் காயும்போது வெடிக்கும், குறைந்தால் பிடிப்பு இருக்காது. விழுப்புரம் மாவட்டத்து ஆரோவில்லில் 1989இல் நிறுவப்பட்ட மண் கட்டடக் கலை நிறுவனம், மண்ணுடன் 5 விழுக்காடு அளவில் சிமென்ட் கலந்து இயந்திரத்தில் அழுத்திச் செய்யும் சூளையில்லாக் கல்லைப் பரப்பியிருக்கிறது. களி மிகுந்த மண்ணுக்குச் சிமென்டைவிடச் சுண்ணாம்பே இணக்கமானது என்பதும் அத்துறையில் தெளிவான செய்தி. மழை அரித்துப் பல்லூழிகளாகப் பக்குவப்படுத்திய கொல்லிமலைச் செம்மண்ணில் அலுமினியமும் இரும்பும் செறிந்திருப்பதால்தான் மேட்டூர் அலுமினிய ஆலைக்காக இங்கே பாக்சைட் வெட்டியெடுத்தார்கள். அந்த மண்ணைக் கீழே கொண்டுபோவதைக் காட்டிலும் மேலேயே சுவராக நிறுத்துவது மலைக்கு நல்லது. சிமென்டைவிட மிகக் குறைந்த வெப்பத்தில் வெந்து, இறுகும்போது காற்றிலுள்ள கரியமில வாயுவின் ஒரு பகுதியைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் சுண்ணாம்பு மலையில் கிடைப்பதில்லை என்றாலும், சுண்ணாம்புக் காரையை இறுக்கத் தமிழ்நாட்டுக் கொத்தர்கள் வெல்லத்தோடு ஊறவைத்துச் சேர்த்த கடுக்காய் இங்கே காட்டிலேயே காய்க்கிறது. மண்சுவருக்குப் பகை கீழிருந்து ஏறும் ஈரமும் பக்கத்தில் தெறிக்கும் மழையும் ஆகையால், கடைக்காலையும் தரைக்கு மேலே இரண்டடி உயரம் வரையும் மலைக்கல்லாலேயே கட்டிவிட வேண்டும்.

கூரைதான் உண்மையில் கடினமான இடம், அங்கே எளிய விடை எதுவும் இல்லை. எரியாத, ஆண்டுதோறும் மாற்ற வேண்டாத கூரையைக் குடும்பம் கேட்பது நியாயமாகையால், புற்கூரையை மீண்டும் வேயச் சொல்வது நகரத்திலிருந்து வருவோரின் ஆசை மட்டுமே ஆகலாம். சுட்ட மண் ஓடு மலையேறத்தான் வேண்டும், ஆனால் உடைந்த ஓட்டை ஒன்றொன்றாக மாற்றலாம், கம்பியோ எம்-சாண்டோ அதற்கு வேண்டாம். அதைத் தாங்கும் சட்டத்தைத் தோட்டத்தில் வளர்ந்த பலா, சில்வர் ஓக், பதப்படுத்திய மூங்கில் ஆகியவற்றால் அமைக்கலாம். ஓட்டுக்குக் கீழே மூங்கில் தட்டியும் அதன்மேல் மண்பூச்சும் கொண்ட ஒரு தளத்தை இட்டால், பழைய பரணே குளிரைத் தடுக்கும் அடுக்காக மீள்கிறது. கான்கிரீட்டே வேண்டுமென்றால், பேக்கர் பரப்பிய நிரப்புத் தளம் உண்டு: தளத்தின் கீழ்ப்பகுதி இழுவிசைக்கு உட்படுகிறது, இழுவிசையைக் கம்பிதான் தாங்குகிறது, கான்கிரீட் அங்கே சும்மா இருக்கிறது என்பதால், அவ்விடத்தில் பழைய ஓடுகளைப் பதித்துக் கலவையைக் குறைக்கும் முறை அது.

சமையலறையில் புகைக்கு இனி இடம் தர வேண்டாம். விதைக்குப் புகை வேண்டுமென்றால் வீட்டை ஒட்டித் தனியாக ஒரு விறகடுப்புச் சாய்ப்பை அமைத்து அதற்கும் பரண் கட்டலாம். கழிவறைக் குழி ஊற்றுக்கு மேற்புறத்தில் அமையக்கூடாது என்பதை வரைபடத்திலேயே உறுதிசெய்ய வேண்டும், ஏனென்றால் சரிவில் மேல்வீட்டின் கழிவு கீழ்வீட்டின் குடிநீராகிறது.

மண்சுவர் பராமரிப்பைக் கேட்கும் சுவர். ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்கு முன் வெடிப்புகளைப் பூசி மெழுகும் வழக்கம் அதன் ஆயுளின் ஒரு பகுதி. பிள்ளைகள் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் வேலைக்குப் போய்விட்ட குடும்பத்தில் அதை யார் செய்வது என்ற கேள்வியைக் கேட்காமல் கட்டும் மண்வீடு பத்து ஆண்டுகளில் கைவிடப்படும். ஆகவே பூசும் பெண்களின் சம்மதமும் கூலியும் வரைபடத்தில் இடம்பெற வேண்டும், வெளிச்சுவருக்கு மட்டுமாவது சுண்ணாம்புப் பூச்சு இட்டு அவர்களின் வேலையைப் பாதியாக்க வேண்டும்.

மனைக்கு வெளியிலும் இத்திட்டத்தின் ஒரு பகுதி இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் மூங்கிலைச் சிறு வன விளைபொருளாக ஏற்று, அதைச் சேகரிக்கும் உரிமையைப் பழங்குடியினருக்கு வழங்கியது. 2017இல் செய்யப்பட்ட திருத்தம், காட்டுக்கு வெளியே வளரும் மூங்கிலை இந்திய வனச் சட்டத்தின் ‘மரம்’ என்ற வரையறையிலிருந்து நீக்கியது. நட்ட மூங்கில் கட்டடத்துக்கு ஏற்றதாக முதிர ஆண்டுகள் பல ஆகும் என்பதால், வீடு கட்ட எண்ணும் குடும்பம் வாய்க்கால் ஓரத்தில் முதல் குத்தை நடுவதற்கு உரிய நேரம் கடைக்கால் தோண்டும் நாளுக்கு மிகவும் முந்தியது. மரவள்ளி நட்ட நிலத்தில் ஒரு துண்டைச் சாமைக்குத் திருப்புவதையும், ஊர்ச்சரிவில் ஒரு பகுதியைப் புல்லுக்கென விட்டுவைப்பதையும் ஒரு குடும்பம் தனியே முடிவுசெய்ய இயலாது. ஊர்த்தலைவராகிய ஊர்க்கவுண்டரும் பங்காளிகளும் கூடும் ஊர்க்கூட்டத்தில் அது பேசப்பட வேண்டும், கிராம சபையில் தீர்மானமாக வேண்டும், அந்தச் சரிவில் எவருடைய ஆடு எந்த மாதம் வரை மேயலாம் என்பதும் அதே தீர்மானத்தில் எழுதப்பட வேண்டும்.