மூன்று குழந்தைகளின் படம்

அமெரிக்காவுக்குப் போகிறவர்கள் நயாகரா நீர்வீழ்ச்சியையும் நியூயார்க் நகரையும் பார்த்துத் திரும்புவார்கள். என் மனத்தில் நின்றதோ பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள கெட்டிஸ்பர்க் என்ற சிற்றூர்தான்.

அடிமை முறையை முன்னிட்டு மூண்ட உள்நாட்டுப் போரில், 1863-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் 3 வரை வட படையும் தென் படையும் இங்கே மோதின. மாண்டவர், காயம்பட்டவர், காணாமற்போனவர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ 51,000 பேர். இவ்வூரில் வளர்ந்த வெஸ்லி கல்ப் பிழைப்புக்காக வர்ஜீனியா போய்த் தென் படையில் சேர்ந்தவர். உடன்பிறந்தவர் வட படையில். தம் குடும்பப் பெயரையே தாங்கிய கல்ப் குன்றருகே அவர் மாண்டார்.

இன்று அங்கே வயல்களும் வேலிகளும் அமைதியாகக் கிடக்கின்றன. தேசியக் கல்லறையில் வட வீரர்களின் கற்கள் அரைவட்டமாக வரிசை பிடித்திருக்கின்றன. அவர்களில் 979 பேருக்குப் பெயர் இல்லை, எண் மட்டுமே. படையில் அடையாளத் தகடு வழங்காத காலம் அது.

முதல் நாள் சண்டைக்குப் பின் ஒரு வீரரின் பிணம் கிடைத்தது. கையில் மூன்று குழந்தைகளின் கண்ணாடிப் படம். வேறு அடையாளம் எதுவும் இல்லை. அன்றைய செய்தித்தாள்களில் புகைப்படம் அச்சிட வழியில்லை. ஆகவே குழந்தைகளின் முகத்தையும் உடையையும் எழுத்தால் வருணித்து வெளியிட்டார்கள். நியூயார்க் மாநிலத்தின் போர்ட்வில் என்ற ஊரில் பிலிண்டா என்ற தாய்க்கு அச்செய்தி எட்டியது. படத்தின் பிரதி வந்தபோதுதான் தாம் விதவை என்பது அவருக்கு உறுதியாயிற்று. படத்திலிருந்தவர்கள் பிராங்க், அலிஸ், பிரெட். தந்தை குதிரைச் சேணம் செய்யும் தொழிலாளியான ஏமஸ் ஹியூமிஸ்டன்.

அப்படத்தின் பிரதிகளை விற்றும் நன்கொடை திரட்டியும், 1866-இல் கெட்டிஸ்பர்க்கிலேயே வீரர்களின் அநாதைப் பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் திறந்தார்கள். பிலிண்டாவும் பிள்ளைகளோடு அங்கே வந்து தங்கினார். 1877-இல் அது மூடப்பட்டது.

ஏமஸின் கல்லறையில் பெயர் இருக்கிறது. அந்தப் பெயரைத் தந்தது அவர் பதவியன்று, பிள்ளைகளின் படம். எண் மட்டும் பொறித்த கற்களின் முன்னே வெகுநேரம் நின்றேன். படம் எடுக்கக் காசில்லாத தகப்பன்மார் இவர்களில் எத்தனை பேரோ!